எடுக்க ஆளில்லாத போன்

காலையில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வெளியூர் லைன்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்ப்பது. ராத்திரிக் காற்றில் கம்பி எங்காவது அறுந்திருக்கலாம். அந்தந்த ஊர்த் தபாலாபீஸில் யாராவது எடுத்து "கேக்குது" என்று சொல்லிவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். பாலவனத்தம் கேட்கும். ரெட்டியபட்டி கேட்கும். நரிக்குடி இரைச்சலோடு கேட்கும். திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர் உண்டு. அங்கே மட்டும் "கேக்குது" என்பதோடு பேச்சு நிற்காது.

அந்த ஊரில் தபாலாபீஸ் என்பது ஒரு வீட்டின் முன்னறைதான். போஸ்ட்மாஸ்டர் காலையில் தபால் பையைப் பார்த்து முடித்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போய்விடுவார். பிறகு போனைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. அப்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும்.

"கேக்குதா அக்கா?"

"கேக்குது அக்கா."

எங்களில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது. கேட்கவும் கூச்சம். அதனால் அவள் எனக்கு அக்கா, நான் அவளுக்கு அக்கா.

"பாப்பாவுக்கு வேர்க்குரு எப்படிக்கா இருக்கு?" என்று அவள் கேட்பாள்.

"சந்தனம் அரைச்சுப் போட்டேன். வழிச்சு நக்கிருச்சு. உங்க பையன்?"

"அவன ஏன் கேக்குறீங்க. நேத்து ஆட்டுக்குட்டி பின்னாடியே போயி கண்மாய்க்குள்ள நிக்கிறான். கண்மாயில தண்ணி இல்லாததால பொழச்சான்."

பின்னாலிருந்து சூப்பர்வைசர் இருமுவார். "ஏம்மா, இது லைன் டெஸ்டா, பிள்ளை வளக்குற டெஸ்டா?"

நான் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. எங்கள் நெசவாளர் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வேலைக்குப் போன முதல் பெண் நான். 'எப்படியும் திரும்பி வந்து தறிக்கு நூல் தார் சுத்தத்தான் போறா' என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தெருவில் நிறையப் பேர். அதனால் ஆபீஸில் யார் இருமினாலும் என்னைத்தான் இருமுகிறார்கள் என்று தோன்றும்.

மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அவளை என் கணவர்தான் பார்த்துக்கொண்டார். தறியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்வார். தொட்டில் கயிற்றின் ஒரு நுனியைத் தறியின் மிதிப்பலகையில் கட்டியிருந்தார். அவர் மிதிக்க மிதிக்கத் தொட்டில் ஆடும். தறி நின்றால் அவள் விழித்துக்கொள்வாள். 'பொண்டாட்டி போன் பேசப் போறா, புருசன் தொட்டி ஆட்டுறான்' என்று தெருவில் சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்தான் போட்டுக்கொண்டேன்.

வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டு ஸ்டவ்வை அணைத்தோமா என்று திரும்பி வருவது என் வழக்கம். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. கணவர் சொல்வதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: "அணைச்சிட்ட. நேத்தும் அணைச்ச. நாளைக்கும் அணைப்ப. போ."

நான் இப்படிப் பயப்பட்டதற்கு வேலையும் ஒரு காரணம். தீயைப் பற்றிய செய்தி எங்கிருந்து வந்தாலும் முதலில் என் காதில்தான் விழும். போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அந்த முனையில் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய தகடு 'டக்'கென்று கீழே விழும். நான் அந்தத் துளையில் பிளக்கைச் செருகி யார் வேண்டும் என்று கேட்பேன். "தீ" என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லாரையும் அப்படியே விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். பருத்திக் கமிஷன் கடை முதலாளிகள் மதுரை லைனுக்காகக் கத்திக்கொண்டிருப்பார்கள். கத்தட்டும்.

நிலையத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வாட்ச் டூட்டி என்று பெயர். பகலில் பெரும்பாலும் ஒருவரே இருப்பார். என்னைத் தாயி என்று கூப்பிடுவார். ஊரை, அடையாளத்தை, எரிவது வீடா வைக்கோல் படப்பா என்பதைக் கேட்டுக்கொண்டு வெளியே தொங்கும் மணியை அடிப்பார். நிலையம் எங்களுக்கு அடுத்த தெருவில்தான். போனில் ஒரு தரமும் ஜன்னல் வழியாக ஒரு தரமும் அந்த மணி எனக்குக் கேட்கும்.

கோடை வந்தால் இதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் தண்ணீர் கிடையாது. தீயணைப்பு வண்டியின் தொட்டியை நிரப்ப ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீரும் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்கள் கண்ணெதிரேதான் போகும். "எரியிற எடத்துக்கு ஊத்துறது இருக்கட்டும்யா, எங்க வயிறு எரியுதே, இங்கிட்டு ஒரு குடம் ஊத்திட்டுப் போ" என்று வண்டியைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள். அப்படி நிரப்பிய தண்ணீரோடு, தீ என்று வந்த போனை நம்பி, வண்டி ஒருநாள் பாலவனத்தம் தாண்டி ஓர் ஊருக்குப் போனது. அங்கே தீ இல்லை. சில வாலிபர்கள் மரத்தடியில் நுங்கு வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். "வாங்கண்ணே, வண்டி சூடா இருக்கும், நுங்கு சாப்பிடுங்க" என்றார்களாம். மணி அடித்துக்கொண்டு வரும் வண்டியைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். வண்டி திரும்பும் வழியில் டயர் வெடித்தது. அதே நேரம் வேறோர் ஊரில் நிஜமாகவே ஒரு படப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நிலைய அதிகாரி ஒரு விதி போட்டார். கிராமத்திலிருந்து தீ என்று சொன்னால் உடனே கிளம்பக்கூடாது. போனை வைத்துவிட வேண்டும். அதே ஊரைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். எடுத்துப் பதில் சொன்னால்தான் வண்டி.

கேட்டபோது சரியாகத்தான் பட்டது. எனக்கு விதி என்றாலே ஒரு நிம்மதி. விதி இருந்தால் நான் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தீ என்று கத்திவிட்டுப் போனை வைத்த அன்று, திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. நானே மணி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். வாட்ச் டூட்டிக்காரர், "பொய்யாத்தான் இருக்கும் தாயி" என்றார். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் சட்டையெல்லாம் கரியோடு நிலையத்துக்குள் ஓடி வந்த பிறகுதான் அது பொய் இல்லை என்று தெரிந்தது. வண்டி போனபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதை என்னால் விட முடியவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அதே நினைப்பு. ஏன் எடுக்கவில்லை? வண்டி வேண்டும் என்றால் நின்று சொல்ல வேண்டியதுதானே?

அந்த வாரம் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் தறிக்கான பாவு நூலைக் காயப்போட்ட பந்தலில் நெருப்புப் பிடித்தது. சின்னத் தீதான். தெரு முழுக்கத் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஓடியது. கையில் பானை இல்லாதவர்கள் மண்ணை வாரிக்கொண்டு ஓடினார்கள். என் கணவர் தறியிலிருந்து ஒரே தாவாகத் தாவி ஓடினார். தொட்டில் நின்று மகள் அழ ஆரம்பித்தாள். ஒரே ஒருவர் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று தாமதித்தார். அவரைத் தெரு இன்னும் விடவில்லை. "என்ன மாமா, பூட்டிட்டீகளா? இழுத்துப் பாத்தீகளா? இப்ப வரலாமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் தீக்கு ஓடாதவனை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த மாதம், வைகாசியில், மேலக்காற்று அடித்த ஒரு மத்தியானம் அந்தச் சின்ன ஊரின் தகடு விழுந்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள்.

"அக்கா, தீ! கீழத்தெரு! பருத்திமாரு அடுக்குல புடிச்சு கூரைக்கு ஏறிருச்சு. காத்து அங்கிட்டே தள்ளுதுக்கா!"

நான் நிலையத்துக்குக் கொடுத்தேன். அவள் சொல்வதை வாட்ச் டூட்டிக்காரர் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, வையி. திருப்பிக் கூப்புடுறோம். அங்கேயே நில்லு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் வைக்கவில்லை. லைனில் அவள் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் ஊரே கத்துவது கேட்டது.

"அக்கா, நான் நிக்கணுமா?"

"திருப்பிக் கூப்புடுவாங்க. நீங்க எடுத்துச் சொன்னாத்தான் வண்டி வரும்."

"எம் பையன் கீழத்தெருவுல இருக்கான்க்கா. எங்க நாத்தனா வீட்ல, தொட்டில்ல போட்டுட்டு வந்தேன். அவ தண்ணிக்குப் போயிருப்பா. நான் நிக்கவா, ஓடவா? சொல்லுங்கக்கா."

போனைப் பிடிக்க வேறு யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லக்கா, எல்லாம் அங்கதான் ஓடுது" என்றாள்.

விதிப்படி அவள் நிற்க வேண்டும். அவள் நின்றால் வண்டி வரும். வண்டி வந்தால் அந்தத் தெரு மிஞ்சும். பையனும் அந்தத் தெருவில்தான் இருக்கிறான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து 'நில்லுங்க' என்ற சொல் வரவில்லை. என் வீட்டுத் தொட்டில் கண்முன் வந்தது. அங்கே மிதிக்க ஓர் ஆள் இருக்கிறார்.

"ஓடுங்க," என்றேன். "நான் சொல்லிக்கிறேன். ஓடுங்க."

போனை 'டொப்'பென்று வைக்கும் சத்தம் கேட்டது. அதோடு சரி.

நிலையம் கூப்பிட்டது. "அந்த ஊரக் குடு தாயி." கொடுத்தேன். மணி அடித்தது. நான் எதிர்பார்த்தபடியே யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலையே."

"எடுக்க மாட்டாங்கய்யா. தீ நெசம். நான் சொல்றேன், வண்டிய விடுங்க."

"நீ கண்ணால பாத்தியா தாயி?"

"இல்ல."

"பெறகு? ரூலு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். "கனெக்சன் குடுக்குறதோட நிறுத்திக்கம்மா. ஆப்பரேட்டர் பேசக் கூடாது."

அந்த நேரத்தில் என் புத்தி வழக்கம்போல என்னையே கேள்வி கேட்டது. நீ கேட்டது அவள் குரல்தானா? நீ பயந்தவள், அணைத்த ஸ்டவ்வையே எரிவதாக நினைப்பவள், உன் பேச்சைக் கேட்டு வண்டி போய் அங்கே ஒன்றுமில்லை என்றால்? ஆனால் இந்த முறை அந்தக் கேள்விகள் அங்கேயே நிற்காமல் இன்னும் ஒன்று கேட்டன. நுங்கு தின்றவர்கள் அன்று திருப்பிக் கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பார்களா, மாட்டார்களா?

"ஐயா," என்றேன், "வெளையாட்டுக்குக் கூப்புடுறவன் போன் பக்கத்துலயேதான் நிப்பான். மணி அடிச்சா ஆசையா எடுப்பான். நெசமாவே எரிஞ்சா எவன் நிப்பான்? உங்க வீட்டுப் பக்கம் எரிஞ்சா நீங்க போனப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா? எடுக்க ஆளில்லைன்னா எல்லாரும் தீக்கு ஓடிட்டாங்கன்னு அர்த்தம். ரெட்டியபட்டிப் பக்கமும் அப்படித்தானே ஆச்சு?"

 

"இரு தாயி," என்றார். போனை மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் அதிகாரியிடம் ஏதோ சொல்வதும், அதிகாரி சத்தமாக ஏதோ கேட்பதும் கேட்டன. பிறகு அவர் திரும்பி வந்தார். "உன் பொறுப்புன்னு சொல்லச் சொல்றாரு."

"என் பொறுப்புதான்."

"தண்ணி எங்க எடுக்குறது அங்க? கண்மாயி வறண்டு கெடக்குமே."

"ஊருக்கு வடக்க பனந்தோப்புல ஒரு பம்புசெட்டுக் கெணறு இருக்கு. மத்தியானம் கரண்டு இருக்கும். அந்தம்மா அங்கதான் துணி துவைக்கப் போவாங்க."

மணி அடித்தது. போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. வண்டி ஆபீஸ் தெருமுனையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

சூப்பர்வைசர் அவர் நாற்காலிக்குப் போனார். "பொய்யின்னா உன் வேலை பெர்மனென்ட் ஆகாதும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மற்ற தகடுகள் விழுந்துகொண்டிருந்தன. நான் எல்லாருக்கும் லைன் கொடுத்தேன். நடுவில் கை சும்மா இருந்தபோதெல்லாம் அந்த ஊரைக் கூப்பிட்டேன். மணி போகும், யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்காமல் இருக்க இருக்க, நான் சொன்னது சரி என்ற தெம்பு வந்தது. எடுக்காமல் இருக்க இருக்க, அந்தப் பையன் கிடைத்தானா என்ற பயமும் வந்தது. என் பேச்சு பொய்யாகப் போனாலும் பரவாயில்லை, யாராவது எடுத்து 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லமாட்டார்களா என்றுகூட ஒரு சமயம் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டுவதும் சரியா என்று உடனே யோசித்தேன்.

என் ஷிப்ட் முடிந்தது. அடுத்து வந்தவர் நாற்காலி கேட்டார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன். சூப்பர்வைசர் பார்த்தார். ஒரு டம்ளர் காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் தகடு விழுந்தது.

"கேக்குதாக்கா?" குரல் கம்மிப் போயிருந்தது.

"பையன்?"

"இருக்கான்க்கா. இடுப்புலதான் இருக்கான். நாத்தனா தண்ணிக்குப் போவல. தீயப் பாத்ததும் அவனத் தூக்கிட்டு காட்டுக்கு ஓடிட்டா. அது தெரியாம நான் வீட்டுக்குள்ள பூந்து தேடி, முடியெல்லாம் பொசுங்கிப் போச்சு. வெளிய வந்து பாத்தா வேப்ப மரத்தடியில உக்காந்து மண்ணு திங்கிறான். என்னைய அடையாளம் தெரியாம அழுகுறான்க்கா, மூஞ்சியெல்லாம் கரி!"

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும் அப்படித்தான், போர்டுக்கு முன்னால்.

"வீடுக?"

"நாலு வீடு போச்சு. நாத்தனா வீடும் அதுல ஒண்ணு. ஆனா தெரு நின்னுருச்சு. வண்டி மட்டும் வரலைன்னா காத்துக்கு கீழத்தெரு மொத்தமும் போயிருக்கும்னு எல்லாரும் சொல்றாக. பம்புசெட்டுக் கெணத்துக்கு நேரா வந்து நின்னாகளாமே, யாருக்கா சொன்னது?"

"நீங்கதான்," என்றேன். "துணி துவைக்கிற கதையில."

சூப்பர்வைசர் இருமவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "இன்னிக்கு ஸ்டவ்வ அணைக்காமத்தான் போயிட்ட, தெரியுமா?" என்றார். நான் பதறியதைப் பார்த்து, "பொய்யி" என்றார். அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

ஆனாலும் என் மனம் சும்மா இருக்கவில்லை. பையன் முன்பே பத்திரமாக இருந்தான். அவள் போனிடம் நின்றிருந்தால் முடி பொசுங்கியிருக்காது. நானும் யாரோடும் வாதாட வேண்டியிருந்திருக்காது. நான் 'ஓடுங்க' என்றது அவளை நெருப்புக்குள் அல்லவா அனுப்பியது? இதைப் பல நாள் யோசித்துவிட்டு அவளிடமே கேட்டேன், ஒரு காலை லைன் டெஸ்டில்.

"நீங்க நில்லுன்னு சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பேன்க்கா," என்றாள். "நான் ஓடுனது உங்களுக்குத் தெரியாம, வண்டியும் வந்திருக்காது."

நிலைய அதிகாரி அடுத்த வாரமே எங்கள் ஆபீஸுக்கு வந்தார். காக்கிச் சட்டையோடு அவர் படியேறுவதைப் பார்த்ததும் கண்டிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றுவிட்டேன். அவர் சூப்பர்வைசரிடம்தான் பேசினார். என்னைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டினார். இனிமேல் திருப்பிக் கூப்பிடுவது அப்படியே இருக்கும். ஆனால் எடுத்தால் விசாரிப்பது, எடுக்காவிட்டால் உடனே கிளம்புவது என்று முடிவாயிற்று. வாட்ச் டூட்டிக்காரர் அன்று மாலை கூப்பிட்டு, "ஏன் தாயி, ரூல தலகீழாக் கவுத்திட்டியே, நாளைக்கு எங்கள வீட்டுக்குப் போகச் சொல்லிட்டு நீயே வண்டி ஓட்டுவியோ?" என்றார்.

ஆடிக்கு அவள் டவுனுக்கு வந்தாள். ஆபீஸ் வாசலில் பஸ்ஸின் தூசியோடு, இடுப்பில் ஒரு பையனும் கையில் ஒரு மஞ்சள் பை நிறையக் கம்புத் தானியமும் வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியோரத்தில் முடி குட்டையாக முளைத்திருந்தது. நான் அக்கா என்று நினைத்த ஆள் என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். அவளுக்கும் ஏமாற்றம்தான். "நீங்க நல்ல ஒசரமா, கண்ணாடி போட்டு இருப்பீகன்னு நெனச்சேன்," என்றாள்.

சூப்பர்வைசர் அவளை உள்ளே வரவிட்டார். அவள் ஊரின் தகட்டைக் காட்டினேன். "இம்புட்டூண்டா?" என்றாள். பையன் அதைத் தட்டிவிடக் கை நீட்டினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் கையைப் பிடித்தோம்.

இப்போது என் வேலை நிரந்தரமாகிவிட்டது. மகள் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது அவள் தண்ணீர் பாட்டிலுக்காகவும் திரும்புகிறேன். போன கோடையில் ஒரு மத்தியானம் நரிக்குடிப் பக்கத்து லைனில் ஒரு குரல் தீ என்று கத்திவிட்டு ஓடியது. நிலையம் அந்த ஊரைத் திருப்பிக் கேட்டது. கொடுத்தேன். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. "கெளம்பிட்டோம் தாயி" என்றார் வாட்ச் டூட்டிக்காரர். நான் பிளக்கை எடுக்கவில்லை. அந்த ஊரில் ஒரு காலி அறையில் போன் அடித்துக்கொண்டிருக்க, எங்கள் ஜன்னலுக்குக் கீழே வண்டியின் மணி தெருமுனையில் திரும்பிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.